தலைப்பில்லாத நாற்பத்தொரு மெயில்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

பெருமையாக என் ஆபீஸ் மெயில் முகவரிக்கே எழுதுவீர்கள். மூன்று நாளாக உங்கள் மெயில்கள் "குப்பை, ஏற்க இயலாது" என்று திரும்பியிருக்கும். அது நான் சொன்னதல்ல அப்பா. இந்த ஆஸ்பத்திரியின் மெயில் சர்வரில், விளம்பரங்களைத் தடுக்க, தலைப்பு வரி இல்லாத எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு விதி போட்டேன். தலைப்பே எழுதாதவர்களும் உண்டு என்பது, உங்கள் மகளாக இருந்தும், எனக்குத் தோன்றவில்லை.

திருப்பி அனுப்பியவற்றின் சர்வர் பதிவில் இன்று உங்கள் முகவரியைப் பார்த்தேன். விதியை உடனே நீக்கிவிட்டேன். ஆனால் உங்களைத் தவிர இன்னும் நாற்பத்தொரு பேர். எல்லாரும் நோயாளிகளின் வீட்டார்.

"பதிவை அழிச்சிடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அழிச்சுட்டா அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன்.

நாளை பத்து மணிக்கு மேலாளரிடம் அந்தப் பட்டியலை நானே கொடுக்கிறேன். பயிற்சிக் காலம் முடியவில்லை; வேலை போனாலும் போகலாம். அம்மாவிடம் சொல்லாதீர்கள். என் சான்றிதழ் நகல்களை மட்டும் எடுத்து வையுங்கள், சும்மாதான்.

இன்னொன்று. இந்த மெயிலைப் பார்த்ததும், நாளை பத்து மணிக்குள் புதிதாக ஒரு மெயில் போடுங்கள். தலைப்பு எழுதாதீர்கள். அது வந்து சேர்ந்தால்தான் எனக்கு உள்ளே போகத் தைரியம் வரும்.

ஆபீஸ் கதவைப் பூட்ட வந்துவிட்டார்கள்.

உங்கள் பாப்பா