ஃப்ரீசருக்குள் போன ஊசி

அன்பு மகனுக்கு,

இங்கே என் தலைமுடியைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உன் மூக்கைத் தவிர எல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். மருந்தில் என் விரல்கள் மரத்துப்போனதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்த நீ ஒரு வரியும் எழுதாததால் உன்னிடம் பிழையே இல்லை.

கட்டிக்குக் கொடுக்கிற மருந்து கட்டியோடு சேர்த்து என் வெள்ளை அணுக்களையும் கொல்கிறதாம், அதற்குத்தான் தினம் ஒரு ஊசி. வளர்ச்சிக் காரணி என்று பெயர். நம் உடம்பே கொஞ்சம் சுரக்கிற சரக்குதானாம், கிருமி வந்தால் கூடுதலாகச் சுரக்கும், எனக்கு அது போதவில்லை. எலும்பு மஜ்ஜையிடம் போய், அணுக்களைச் சீக்கிரம் உண்டாக்கு, பக்குவப்படுத்து, கிருமி இருக்கிற இடத்துக்கு அனுப்பு என்று விரட்டுமாம். உன் அப்பாவும்தான் நாள் முழுக்க எல்லாரையும் விரட்டுகிறார், ஒரு டம்ளர்கூட இடம் மாறுவதில்லை. உதவிக்கு வந்த உன் அத்தை ஃப்ரிட்ஜைத் துடைத்தாள். நல்ல மருந்தாயிற்றே, கெட்டுவிடக் கூடாது என்று நாலு ஊசியையும் ஃப்ரீசரில் பத்திரப்படுத்திவிட்டாள். எல்லாம் கல்லாகிவிட்டது. வெந்நீரில் போட்டால் இளகிவிடும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் ஒளிகிற உன் தங்கை, தானே போனை எடுத்து நர்ஸைக் கேட்டாள். உறைந்ததைப் போடாதே, தூக்கி எறி என்றார்களாம். புது ஊசி வர இரண்டு நாள். அதற்குள் கிருமியோடு சண்டை போடுகிற அணுக்கள் முந்நூறுக்கு இறங்கி, காய்ச்சல் வந்து, நாலு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். குளிர்ச்சி நல்லதுதானே என்று அத்தை இன்னும் கேட்கிறாள். புது ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து இடுப்பெலும்பு குடைகிறது. மஜ்ஜை வேலை செய்கிறதாம், சந்தோஷப்படுங்கள் என்கிறார் டாக்டர். பட்டுக்கொண்டிருக்கிறேன்.

லீவு போட்டு வருவதாகப் போனில் சொன்னாய். வராதே. சளியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தும்முவதைவிட, அங்கேயே இருந்து என்னை மறந்திருப்பது பெரிய உதவி. நேரத்துக்குச் சாப்பிடு, குளித்தால் தலையைத் துவட்டு. நூறு வயது நன்றாக இரு, அத்தை கைக்கு எட்டாத ஃப்ரிட்ஜ் ஒன்றோடு.

இப்படிக்கு,
உன் மொட்டைத்தலை அம்மா

அண்ணா, அம்மா தூங்குகிறாள். சொன்னதையெல்லாம் எழுதிவிட்டேன். எழுதாதே என்றது ஒன்றுதான்: இன்று காலை அந்த அணுக்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்து நூறு. ஆயிரத்தைந்நூறு தாண்டினால் பிள்ளையைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மருந்து ஏறினால் மறுபடி இறங்கிவிடும், அதற்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது. இதைப் படம் பிடித்து இன்றே அனுப்புகிறேன். சளி விட்டதும் வா. உன் தலையணைக்கு உறை மாற்றியது நானுமில்லை, அத்தையுமில்லை.