அமுக்கி வச்ச சுருட்டை

4 மார்ச் 1963, திங்கள்

காலையிலேயே புழுக்கம். துணி ரெண்டு வாளி. தேக்கா மார்க்கெட்டில் கீரை வாடல், வாங்கல.

சாயங்காலம் சரோஜா முடியைச் சுருட்டி பெர்ம் பண்ணிக்கிட்டு வந்து நின்னா. கொழுந்தன் பொண்டாட்டி, ஒரே வீடு, என் தலையெழுத்து. சீனத்தி சலூன் கடையில் அரை நாள் உட்கார்ந்தாளாம். எலிவால் முடி, இப்ப தோள் வரைக்கும் சுருள் சுருளா. வீடு முழுக்க மருந்து நாத்தம்.

இவர் ஹார்பர்லேர்ந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழட்டல. "அட! சுருட்டை உனக்கு எடுப்பா இருக்கும்மா!" சாப்பிடும்போது மறுபடியும் அதையே சொன்னார். ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊத்திட்டேன்.

வயிறு எரியுது. எழுதினாலும் எரியுது.

5 செவ்வாய்

மழை. துணி காயல. ஒரே ஈர வாடை.

எனக்குப் பிறந்ததிலேர்ந்தே சுருட்டை. இடுப்புக்குக் கீழே, கைப்பிடிக்குள் அடங்காது. அவ காசு கொடுத்து வாங்கினதை நான் நல்லெண்ணெய் போட்டு அமுக்கி, இழுத்துப் பின்னி, கொண்டையாச் சுருட்டி வச்சிருக்கேன். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அம்மா ஆரம்பிச்சது. "காடு மாதிரி நிக்குது, வர்றவங்க என்ன சொல்லுவாங்க, அமுக்குடி!" அதுலேர்ந்து அப்படியே. வெள்ளிக்கிழமை தலை முழுகினாலும் இவர் வர்றதுக்குள்ள எண்ணெய் தடவிப் பின்னிடறது. என்ன பழக்கமோ, சனியன்.

'எடுப்பா இருக்கு'ன்னு அந்த வார்த்தையை என்னைப் பார்த்து ஒரு தடவை சொல்லட்டும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

6 புதன்

எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் கண்ணாடி முன்னால. யோசனைகள்:

ரெட்டைப் பின்னல். சே, இந்த வயசுல.

உச்சிக்கொண்டை, பத்திரிகை அட்டையில் இருக்கிற மாதிரி உசரமா. இருந்த கொண்டை ஊசியெல்லாம் குத்தினேன். பாரம் தாங்காம சரிஞ்சது.

பாதி முடிஞ்சு, பாதி விட்டு. அழகுதான். பின்னால பிடிச்சுவிட ஆள் வேணும். சரோஜாவையா கேட்பேன்? செத்தாலும் மாட்டேன்.

சரிஞ்ச கொண்டையை அவிழ்க்கறதுக்குள்ள அவளே வந்துட்டா, அரை நாள் லீவாம். "என்னக்கா, தலையில பானை? நீங்களும் அந்தக் கடைக்கு வாங்களேன். பாதி வெட்டிவிடுவாங்க, லேசா இருக்கும்." வெட்டணுமாம்! போய் வெங்காயம் உரிச்சேன். கண்ணு கலங்கினதுக்கு அது சௌகரியம்.

சீயக்காய் தீர்ந்துபோச்சு, வாங்கணும். இந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் கிடையாது, பின்னல் கிடையாது.

8 வெள்ளி

நல்ல வெயில். தலை முழுகி, சாம்பிராணி காட்டி, விரிச்சுவிட்டேன். காயக் காய எழும்புது. கண்ணாடியில் பார்த்து நானே அசந்துட்டேன். ஒதுக்கிவிட முன்னால ஒரே ஒரு ஊசி. சரோஜா வந்தவ பார்த்தா, விறுவிறுன்னு அறைக்குள்ள போயிட்டா. எனக்கு ஜில்லுனு இருந்துச்சு.

பஸ் வர்ற நேரத்துக்குக் கீழே வாசல்ல போய் நின்னேன். இவர் தெருமுனை திரும்பினார். என்னைப் பார்த்தார். நின்னுட்டார். அடுத்த நிமிஷம் சாப்பாட்டு டப்பாவைக் கீழே போட்டுட்டு ஓடி வர்றார், முகத்தில் ரத்தமே இல்ல.

"தந்தி வந்துச்சா? அம்மாவா?"

பொம்பளை தலைவிரி கோலமா வாசல்ல நின்னா வேற என்னன்னு நினைப்பார்? ஊர்ல மாமியார் படுத்த படுக்கையா கிடக்கிறது எனக்குத் தோணவே இல்ல, பாவி நான். "ஐயையோ, இல்லீங்க! யாருக்கும் ஒன்னுமில்லீங்க!" நான் கத்தறேன், அதுக்குள்ள பக்கத்துப் பூக்கடைக்காரர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து, "மாலை எத்தனை வேணும்?"

மாடிக்கு வந்து உட்கார்ந்தார். தண்ணி குடிச்சார். திட்டுவார்னு நின்னேன். திட்டல. என் தலையையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் மெதுவா, சிரிச்சுக்கிட்டே:

"எடுப்பாத்தான் இருக்கு, பாரு. நீயும் சரோஜா போன கடைக்கே போய்ப் பண்ணிக்கிட்டியா?"

நாலு வருஷமா ஒரே பாயில படுக்கிறோம்.