அந்த எண் அவனுடையது

மாப்பிள்ளை,

கொரோனா அடங்கி, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய வருஷம் அது. புதுச்சத்திரத்தில் என் வீட்டுக்குச் சாயங்காலம் தவறாமல் வருவாய். அன்று என் மகள் எழுதத் தொடங்கிய புத்தகம் இன்றைக்குத்தான் சுருள் கம்பி போட்டு வந்திருக்கிறது. தாளில் ஜெராக்ஸ் சூடு இன்னும் ஆறவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. முதல் பக்கத்தில் உன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று மகள் செல்வி விரல் வைத்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல இந்த மடலை எழுதுவதும் அவள்தான்.

அவள் கம்பெனியில் கம்பைலர் என்று ஒரு புரோகிராம் உண்டு. வேறு வேறு மொழியில் எழுதிய இரண்டு புரோகிராம்கள் தங்களுக்குள் என்னென்ன கேட்கலாம், சொல்லலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், இரண்டுக்கும் அதனதன் மொழியில் பேச அது ஒரு வாய் செய்து கொடுக்கும். அதைச் செய்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எழுதிவைக்கும் வேலை செல்விக்கு வந்தது. எழுதியதை நம் இருவருக்கும் படித்துக் காட்டுவாள். நாம் முழித்த இடத்தைத் திருத்துவாள்.

"ஏனுங்க மாமா, புரியுதுங்களா?"

உன்னைத்தான் கேட்பாள்.

"இதென்ன சாமி பெரிய வித்தை? ஆந்திராவுல போர் போடறப்ப ரிக்குல நான் பண்ணுனதுதான். தோட்டத்துத் தெலுங்குக்காரரு சொல்றத டிரில்லருக்குத் தமிழ்ல சொல்லுவேன். டிரில்லரு சொல்றத அவருக்குத் தெலுங்குல சொல்லுவேன்."

அதை உன் பெயரோடு அப்படியே முதல் பக்கத்தில் போட்டாள். அதே போர்வெல் ரிக்கில் கம்பிரசர் ஓட்டியவன் நான். பெற்ற அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

"மச்சான் மூஞ்சியப் பாரு சாமி, கம்பிரசர் சூடாயிருச்சு" என்று நீ சிரித்தாய். அதற்கும் எரிந்தது. வாயைத் திறக்காமல், அவள் படித்ததையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டேன்.

நீ கண்ணை மூடிய பிறகு, முழுவதையும் ஒருமுறை எனக்குப் படித்தாள். வேறு ஆளில்லையே. பாதியில் நிறுத்தினேன்.

"அந்த நம்பரு சமாச்சாரம் எங்க கண்ணு போச்சு?"

"எந்த நம்பருங்கப்பா?"

ஒப்பித்தேன். சீட்டில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு. தகவலைப் படிக்கிற பக்கம் பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். கிணற்று ஆழத்துக்கு ஐந்து என்று கொடுத்திருந்தால், பின்னால் ஆழமே வேண்டாமென்று எடுத்துவிட்டாலும் ஐந்தைப் பூட்டி வைக்க வேண்டும். இன்னொன்றுக்குக் கொடுத்தால் பழைய தகவலெல்லாம் தப்பாகப் போகும். பூட்டிய எண்ணை யாராவது கேட்டால் கம்பைலர் மறுத்துவிடும்.

பக்கங்களை மாற்றி அடுக்கியபோது அவள் அதைத் தவறவிட்டிருந்தாள்.

"இத்தன நாளு ஏனுங்கப்பா வாயே தொறக்கல?"

"நீ எங்கிட்டக் கேட்டியா?"

விட்டதை எழுதிச் சேர்த்தாள். பிறகு, "மொதப் பக்கத்துல மாமா பேர எடுத்துட்டு உங்க பேரப் போடட்டுங்களா? நீங்களும் அதே ரிக்குதானுங்களே?" என்றாள்.

பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கத்தில் என்னை நிறுத்திப் பார்த்தேன். தெலுங்குக்காரர் கேட்கிறார். டிரில்லர் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது.

"வேண்டாங்கண்ணு. அது அவன் நம்பரு" என்றேன்.

நான் ஒப்பித்ததைக் கேட்க நீ இல்லாமல் போனாய். செத்தும் முதல் பக்கத்தில் இருக்கிறாய். என் வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது மாப்பிள்ளை. அந்த ரிக்கில் நாம் நாலு பேர். டிரைவர் போனார், டிரில்லர் போனார், நீயும் போனாய். மிச்சம் கம்பிரசர் பழனியப்பன்.