போதும் என்று நீதான் சொல்வாய்

இன்று தலையணையை வெயிலில் போட்டபோது இலவம்பஞ்சின் வாசனை எழுந்தது. உடனே உன் நினைவு வந்துவிட்டது. கல்லூரி விடுதியில் தலையணையை மடித்துப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு, நாம் இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்த காலைகளின் வாசனை அது. ஓசூரில் ஒரு ஜென் தியான வகுப்புக்குப் போய்வந்து நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். கண்ணைப் பாதி மூடு, மூச்சைக் கவனி, வேறொன்றும் செய்யாதே என்றாய்.

எனக்கு அது பரீட்சைக்குப் படிப்பதுபோலத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான். அதிக நேரம் உட்கார்ந்தால் அதிகம் கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? கால் மரத்துப்போனாலும் அசையமாட்டேன். நீதான் தோளைத் தட்டுவாய்.

"போதும், ஏந்திரி புள்ள. இதுக்கு யாரும் மார்க் போடமாட்டாங்க. அங்க மெஸ்ஸுல உப்புமாகூடத் தீந்துரும்."

வெட்கத்தோடு எழுவேன். எவ்வளவு உட்கார்ந்தால் போதும் என்று நான் யோசித்ததே இல்லை.

காய்ச்சல் என்று பென்னாகரத்தில் இருக்கும் உன் வீட்டுக்குப் போனாய். நீ திரும்பி வரவில்லை, சாவுச் செய்திதான் வந்தது.

இப்போது நல்லம்பள்ளியில் அம்மாவோடு இருக்கிறேன், தருமபுரியில் வேலை. காலையில் உட்காருவதை விடவில்லை. ஆனால் சீக்கிரம் எழுந்தால் உன்னை அங்கேயே விட்டுவிட்டு வருவதுபோல் இருக்கிறது. அதனால் நேரத்தை நீட்டிக்கொண்டே போனேன். பஸ்ஸைத் தவறவிட்டேன். சாமியாராகப் போவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, கல்யாணத் தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று அம்மா கேலி செய்தாள். சிரித்து முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் நான் எழுந்து வந்தபோது, வாசலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோயிருந்தது. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"கொடம் சத்தம் போடும். நீ அழுவாம இருக்கறதே அந்த நேரந்தான்."

இரவில் நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

மறுநாள் நான் உட்காரவே இல்லை. அன்று பகல் முழுவதும் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அதற்கடுத்த நாளிலிருந்து குழாய்ச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் காது தெருவிலேயே இருந்தது, மூச்சு எங்கேயோ போய்விட்டது. கூடுதலாக உட்கார்ந்தால் அம்மாவிடமிருந்து ஒளிந்துகொள்வதுபோல் இருக்கிறது. குறைத்தால் உன்னை ஏமாற்றுவதுபோல் இருக்கிறது. நடுவில் ஓர் அளவு இருக்கத்தான் வேண்டும். எனக்கு அது பிடிபடவில்லை.

நேற்று தண்ணீர் வந்து போய்விடுமோ என்ற பயத்தில் வெகு சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

"ஏன் அதுக்குள்ள? தண்ணி இன்னும் வல்ல, ஒக்காரு" என்றாள் அம்மா.

மறுபடி உட்கார்ந்தேன். எனக்காகவா, உனக்காகவா, அவளுக்காகவா என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். எப்போது எழுவதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.