அம்மா விழுங்காத மாத்திரை

அன்பு மகள் வாண்டுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவும் நலம் என்று அடுத்த வரியில் எப்போதும் எழுதுவேன், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. பேசினால் அவள் காதில் விழும், அதனால் இதை எழுதிப் படம் எடுத்து உன் ஃபோனுக்கு அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு ஓயாத அரிப்பும் மூச்சிரைப்பும் இருந்தது உனக்குத் தெரியும். நம் மெத்தைக் கடைப் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நினைத்தோம். ரத்தம் பார்த்தபோது வெள்ளை அணு மிக அதிகம் என்று வந்தது. அவை உடம்பின் சிப்பாய்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, "எனக்குள்ள பட்டாளமே இருக்கு, ஒரு நோயும் கிட்ட வராது" என்று அம்மா எதிர்வீட்டுக்காரியிடம் ஒரே பீற்றல். நானும் சேர்ந்து சிரித்தேன். கால் வீங்கிப் படி ஏற முடியாமல் போன பிறகுதான் இதய டாக்டரம்மாவிடம் போனோம். அந்த அணுக்களில் ஒரு வகை அளவுக்கு மீறிப் பெருகி, இதயத்துக்குள்ளேயே புகுந்து உள்சுவரைப் புண்ணாக்கிவிட்டதாம். புண் ஆறிய இடம் கஞ்சி போட்ட துணிபோல விறைத்துவிட்டது, அது இனி இளகாது, மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றார். கேட்டுவிட்டு வந்து கடையைத் திறந்து ஒரு தலையணைக்குப் பஞ்சு அடைத்தேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை, உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

அணுக்களை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகவே கேட்டது, ஆனால் முகம் உப்பிவிட்டது. ஃபோனில் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னாளே, கெடவில்லை. நீ அடுத்த மாதம் வருகிறாய் என்றதும், "பொண்ணு முன்னாடி இந்த மூஞ்சியோடயா நிக்கிறது" என்று, எனக்குத் தெரியாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டிருக்கிறாள். நேற்று ரத்தம் பார்த்ததில் அணுக்கள் மறுபடி ஏறியிருக்கின்றன. மாத்திரையை இன்றே மறுபடி தொடங்காவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று, காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதே, இருவரும் நெடுநாள் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. படித்ததும் அம்மாவை வீடியோவில் அழை, அவள் முகத்தைக் காட்டாமல் விடாதே. பார்த்ததும் திடுக்கிடாதே, அழாதே. அழகாக இருக்கிறாய் என்றும் சொல்லாதே, பொய் என்று பிடித்துவிடுவாள். வழக்கம்போல எதற்காவது வம்பிழு, பேச்சோடு பேச்சாக, நீ பார்க்கவே மாத்திரையை விழுங்கச் சொல்.

எந்த முகத்தோடும் அவள் இருந்தால் போதும் என்றிருக்கும்
உன் அப்பா