ஊற்றினாயா என்று கேட்டால்

மார்ச் 3, திங்கள்

தக்காளி நாற்றுக்கான குழித்தட்டை இன்று காலேஜில் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் நான், தமிழ்மணி, அப்புறம் எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்திருக்கும் ஹிவோத். நாற்று பிழைத்தால்தான் அகமதிப்பெண். விடுதியில் இருப்பதால் காலைத் தண்ணீர் ஹிவோத் பொறுப்பு. என் மாரண்டஹள்ளி பஸ் வருவதற்குள் முதல் மணி அடித்துவிடும்.

"இந்த வெயில் உனக்கென்ன புதுசா?" என்று பிரபாகர் சார் அவளைக் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவள் ஊர் மலைமேல் இருக்கிறதாம், வருஷம் முழுக்கக் குளிராம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? இந்தியா வருவதற்கென்று மூன்று மாதம் இந்தி படித்தாளாம். பாலக்கோட்டில் யாரோடு பேச?

மார்ச் 6, வியாழன்

வந்ததும் "தண்ணீர் ஊற்றினாயா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். "ஹா" என்று மூச்சை உள்ளே இழுத்தாள், திக்கென்று ஆனவள் மாதிரி. மறந்திருக்கிறாள். தட்டின் மேற்புறம் காய்ந்துதான் கிடந்தது. நானே ஊற்றினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு ஸாரிகூட இல்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் அதே.

மார்ச் 11, செவ்வாய்

தினமும் இந்தக் கூத்துதான். கேட்டால் பதறுகிறாள், நான் ஊற்றுகிறேன். தமிழ்மணியிடம் சொன்னேன்.

"அவுங்க ஊர்ல தண்ணியே கெடையாதாமா. ஊத்திப் பழக்கமிருக்காது, வுடு" என்றான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள். அந்தப் பதற்றம்கூட நடிப்போ? மதியம் எங்கள் வகுப்பு நவநீதன் குழுவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். என்னைப் பற்றித்தானே?

மார்ச் 14, வெள்ளி

பாதி நாற்று தலை சாய்ந்துவிட்டது. நான் தக்காளி போடுகிறவர் மகள் — அப்பா கேட்டால் என்ன சொல்வேன்? நேராக சாரிடம் போய், அவள் தண்ணீரே ஊற்றுவதில்லை என்று சொல்லிவிட்டேன். சார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். மறுபடி அந்த மூச்சு. அப்புறம் "தினமும் ஊற்றினேன்" என்று ஒரு பொய்.

"ஸ்காலர்ஷிப் தர்றவங்களுக்கு ரிப்போர்ட் எழுதப் போறேன்" என்றார் சார். அது போனால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். போகட்டுமே.

மார்ச் 17, திங்கள்

சார் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தார். "தண்ணி ஜாஸ்தியாகி வேரு அழுகிருக்கேம்மா. ஊத்தவேயில்லன்னு சொன்ன?"

எப்படி ஜாஸ்தியாகும்? நான் நகர்ந்ததும் வெறுப்பில் வாளியோடு கொட்டினாளா?

மார்ச் 18, செவ்வாய்

கேன்டீனுக்குப் பின்னால் ஹிவோத் அவள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கத்தான் நின்றேன். பாஷை புரியவில்லை. அம்மா ஏதேதோ கேட்க, இவள் ஒவ்வொன்றுக்கும் அதே மூச்சை இழுத்தாள். சிரித்துக்கொண்டே. அந்தப் பக்கம் அம்மாவும் அப்படியே. யாரும் பதறவில்லை.

ஐயோ, "ஆமாம்" என்பதா அது?

போனை வைத்ததும் கேட்டேன். அதேதான். அப்படியென்றால் தினமும் காலையில் அவள் ஊற்றியிருக்கிறாள். நான் வருவதற்குள் வெயிலில் மேல்மண் மட்டும் காய்ந்திருக்கிறது. அதன்மேல் நானும் ஊற்றியிருக்கிறேன். நாற்றைக் கொன்றது நான்.

"நான் மறுபடி ஊற்றும்போது ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" சண்டைக்கே போய்விட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "உங்கள் நாட்டில் சிலருடைய கை பட்டால் ஆகாது என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். என் கையும் அப்படித்தான் போல என்று நினைத்தேன்."

இங்கே அப்படியெல்லாம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

மார்ச் 19, புதன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட் இன்னும் போகவில்லை, இனிப் போகாது. புதுத் தட்டு கொடுத்தார். என் மதிப்பெண்ணில் பாதியை வெட்டினார். வெட்டட்டும்.

மார்ச் 28, வெள்ளி

புது விதை எல்லாக் குழியிலும் முளைத்திருக்கிறது. இன்று அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டதால் சீக்கிரமே வந்துவிட்டேன். ஹிவோத் பூவாளியோடு நின்றிருந்தாள். ஊற்றுவதற்கு முன்னால் தட்டைப் போனில் ஒரு படம் எடுத்தாள். ஊற்றிய பிறகு இன்னொன்று.

எதற்கு என்றேன்.

"யாராவது கேட்டால் காட்டுவதற்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். சரி என்று போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வகுப்பில் உட்கார்ந்ததும் என் போன் அதிர்ந்தது. இரண்டு படங்களும் வந்திருந்தன. சாருக்கும் அனுப்பியிருக்கிறாள்.