வலை இறக்கிய படகு

ஜனவரி 8, புதன்

சர்வர் தொங்கிவிட்டது. மறுபடி உள்ளே போவதற்குள் விருப்பப் பாடங்களில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: பெண்ணியமும் பாலினமும் பாலியல்பும். எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கு இது எதற்கு? மார்க்குக்கு. அவ்வளவுதான்.

இன்று முதல் வகுப்பு. ஜோதிலட்சுமி மேடம் ஒவ்வொருவரையும் கேட்டார்: "இந்தப் பேப்பரை ஏன் எடுத்தீங்க?" எல்லோரும் அழகாக ஏதேதோ சொன்னார்கள். என் முறை வந்தது. "வேற எதுவும் கெடைக்கல மேடம்." வகுப்பே சிரித்தது. மேடம் மட்டும் நிதானமாகச் சொன்னார், "பொண்ணாப் பொறந்தவங்களும் அப்ளிகேஷன் போட்டு வாங்கிட்டு வரலப்பா. உக்காரு."

சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் திரும்பினேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஆறு எது, வானம் எது என்று தெரியவில்லை. ரயில் தண்ணீர் மேல் மிதக்கிற மாதிரி இருந்தது. கடலூர் முதுநகரில் இறங்க மறந்திருப்பேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மேடம் பலகையில் இரண்டு பெட்டி போட்டார். ஆண், பெண். "உலகத்துல இருக்குற எல்லாரையும் இதுல போடுங்க" என்றார். எனக்கு எரிச்சல். எழுந்து சொன்னேன்: "மேடம், தொடர்ச்சியா வர்ற சிக்னலை ரெண்டே லெவல்ல வாங்குனா நாசமாயிடும். எத்தினி லெவல் வேணும்னு மொதல்ல பாக்கணும்."

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். பின் பெஞ்சிலிருந்து காயத்ரி கைதட்டினாள். காயத்ரி திருநங்கை; தமிழ் எம்.ஏ. படிக்கிறாள், எதையும் பளிச்சென்று சொல்வாள். "எப்பா இன்ஜினியரு, இத எங்க வூட்ல சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. நீ ஒரே மூச்சுல சொல்லிட்ட!"

நான் சிக்னலைப் பற்றித்தான் சொன்னேன்.

ஜனவரி 30, வியாழன்

அசைன்மென்ட்: ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவள் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இன்டர்னல் மார்க்கில் பாதி இதற்குத்தான். அம்மாவையே எடுத்துக்கொண்டேன். வேலம்மாள், மீன் வியாபாரம், மஞ்சக்குப்பம். கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் போனை வைத்துக் கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடித்தேன். ஈசி.

பிப்ரவரி 6, வியாழன்

மேடம் அசைன்மென்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது உங்க அம்மாவோட பேட்டியா, உங்க பேட்டியா?"

கோபம். கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்து பதிவின் அலைவடிவத்தைக் காயத்ரியிடம் காட்டினேன். எங்கே தப்பு என்று சொல்லட்டும்.

"இந்தப் பெரிய பெரிய மலையெல்லாம் யாரு?"

"நான்."

"நடுவுல வரப்பு மாதிரி இருக்குதே, அது?"

"...அம்மா."

காயத்ரி என் பஜ்ஜியில் ஒன்றை எடுத்துத் தின்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முழுக்கக் கேட்டேன். என்னால் உட்கார முடியவில்லை. அம்மா வாயைத் திறந்தாலே நான் முடித்துவைக்கிறேன். ஓரிடத்தில் அவள் சொல்கிறாள்: "கட்டிக்கினு வந்த நாளா எனக்கு ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னு—" உடனே நான்: "டிவியா? சரி, அடுத்த கேள்வி."

ஆனால் அவள் நிறுத்தவில்லை. என் குரலுக்கு அடியில் இன்னும் ஏதோ சொல்கிறாள்.

என் குரலை வடிகட்டப் பார்த்தேன். தெரிந்த ஃபில்டர் எல்லாம் போட்டாயிற்று. என்னை எடுத்தால் அவளும் போகிறாள். கடைசியில் மிஞ்சியது பின்னால் இருந்த கடல் மட்டும். அதையே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் அம்மா அந்த இரைச்சலுக்குள் நின்று வாயசைக்கிறாள்.

பிப்ரவரி 10, திங்கள்

"அன்னைக்கு என்னமோ பாக்கணும்னியே, என்னம்மா?" "நானா? போடா, ட்ரெயினுக்கு நாழியாவுது பாரு."

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மாவோடு மஞ்சக்குப்பம் போனேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மைதானத்துப் பக்கம் வேப்பமர நிழலில் அன்னக்கூடையை இறக்கி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில்.

"இன்னா வேலம்மா, புள்ளையக் கூட்டியாந்துட்ட? இவனும் விக்கவா?" என்றார் ஒரு வாடிக்கைக்காரர்.

"பேச மாட்டேங்கிறான் சார் இன்னிக்கு. அதான் பயமா இருக்குது."

வாயை மூடிக்கொண்டு உட்காருவது இவ்வளவு கஷ்டமா? நாக்கு துடித்தது. வெயில் இலைகளின் வழியே அவள் கை மேல் சொட்டியது. செதில்கள் பறந்தன. அவள் முழங்கையில் ஒட்டிய ஒரு செதிலில் சின்னதாக ஒரு வானவில். எவ்வளவு நேரம் அதைப் பார்த்தேன் என்று தெரியாது.

சங்கரா மீன் ஒன்றை அரிந்துகொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்:

"கடல்லேர்ந்து பாத்தா நம்ம ஊரு எப்பிடி இருக்கும்? உங்கப்பா தெனமும் பாக்குறாரு. நீ பாத்திருக்க. நான் கரையிலேர்ந்தேதான் பாத்துக்கினு கெடக்குறேன். ஒரு தபா அங்கேர்ந்து பாக்கணும். அவ்ளோதான்."

இதுதானா? இந்தப் பேச்சின் மேலேயா நான் டிவி என்றேன்?

எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் பாடு விழாதாம், வலையில் மீன் படாதாம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கெபாசிட்டர் ஏன் வெடித்தது என்று ராத்திரி பகலாகக் கேட்கிறவன்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். தேவனாம்பட்டினத்தில் கூட்டம். ஊர் ஊராகச் சாமிகள் கடற்கரைக்கு வந்திருந்தன. காயத்ரியும் வந்திருந்தாள்; அம்மாவின் ஆசையை அவளிடம் சொல்லியிருந்தேன். அவளை அம்மாவிடம் அறிமுகப்படுத்தினேன். அம்மா அவள் தலையில் இருந்த கனகாம்பரத்தைச் சரிசெய்துவிட்டு, "ஒழுங்காச் சாப்புடுறியாம்மா?" என்றாள். காயத்ரி திரும்பி நின்று கொஞ்ச நேரம் கடலையே பார்த்தாள். பிறகு என் காதருகில், "சாமியெல்லாம் மேக்கேர்ந்து வந்து கடல்ல எறங்குது. பக்கத்துலயே இருக்குற உங்கம்மாவுக்கு மட்டும் என்னவாம்?" என்றாள்.

தீவட்டிப் புகைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம் நீருக்குள் இருப்பது போல் அசைந்தது.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. அப்பா, பூவராகன், உப்பனாற்றுக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவப் படகுல கூட்டிக்கினு போவணும்."

"படிக்கப் போன எடத்துல இதான் சொல்லித் தராங்களா?"

"அது ஆசைப்படுது."

"ஆசப்படும். நாளைக்கிப் பாடு இல்லன்னா எவன் பதில் சொல்றது? ஊர்ல பேசுவானுங்க."

நானும் விடவில்லை. "வலைக்குப் போற படகுலதான ஏறக்கூடாது? என்ஜின் சர்வீஸ் பண்ணி டிரையல் பாக்கப் போறோம். வலை இல்ல, மீனு இல்ல. வலை இல்லாத படகு வெறும் வண்டிதானப்பா? பஸ்ல ஏறலியா அது?"

அவர் என்னைப் பார்த்தார். "உன்கிட்ட சொல்லிச்சா? எங்கிட்ட சொல்லலியே."

"நீ கேட்டியா?"

சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து போய்விட்டார். நான் மட்டும் என்ன கேட்டேனா? அசைன்மென்ட் இல்லாவிட்டால் நானும் ஜென்மத்துக்கும் கேட்டிருக்க மாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

அப்பா என்னோடு பேசவில்லை. அம்மாவோடும்.

மார்ச் 23, ஞாயிறு

என்ஜினுக்குப் புது ஸ்பார்க் பிளக் போட விடிகாலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். படகு காலியாக இருந்தது. வலை இல்லை. ஐஸ் பெட்டி இல்லை. எல்லாம் கரையில், தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஒற்றை ஆளாக எப்போது இறக்கினார்?

திரும்பினால் அப்பா வருகிறார். பின்னால், துண்டை முக்காடிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் அம்மா.

"நடுவுல காலை வையி. குனிஞ்சி ஏறு." அவ்வளவுதான் பேசினார். கையை நீட்டினார்.

எதிர்க்கரையிலிருந்து யாரோ கத்தினார்கள், "இன்னா மாமா, புது ஆளா மீன்பாட்டுக்கு?" அப்பாவும் கத்தினார், "என்ஜின் டிரையல்டா மச்சான்!"

முகத்துவாரம் தாண்டும்வரை அம்மா படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். நான் என்ஜினை நிறுத்தினேன். அந்த அமைதி... வகுப்பில் சொல்லித்தருகிற பூஜ்யம் இல்லை அது. உள்ளே ஏதோ மெதுவாக ஏறி இறங்குகிற அமைதி. வெயில் இன்னும் மஞ்சளாகவில்லை. நாங்கள் மூவரும் யாரோ கண்ட கனவில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கரை ஒரு கோடு. அதன் மேல் தென்னைகள், கோயில், கலர் கலராகக் குப்பம்.

"நம்மூடு எது?" என்றாள்.

அப்பா காட்டினார். "பச்சைக்கு அடுத்தாப்ல. வெள்ளையா."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம். என் நாக்கு அதன் வழக்கப்படி எழுந்தது. நான் விடவில்லை.

"இத்துனூண்டா?" என்றாள். "இதையா இத்தன வருஷமா பெருக்கினு இருந்தேன்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். படகு ஆடியது. நான் எதிர்ப்பக்கம் திரும்பி, வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று உப்பாக இருந்தது. காற்றுதான்.

மார்ச் 24, திங்கள்

விடிந்து வெகுநேரம் ஆகியும் வாசல் பெருக்கியிருக்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னல் வழியே வந்து அவள் காலில் கிடந்தது. இந்த நேரத்தில் அவள் படுத்திருந்து நான் பார்த்ததில்லை.

துடைப்பத்தைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் இல்லை. கொல்லையில் இல்லை. சோம்பேறிக்குக்கூடத் தன் வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். எழுப்பிக் கேட்கவில்லை.

அடுப்படிப் பக்கம் போனால், அப்பா அங்கே குனிந்து அலமாரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"எங்கடா வைப்பா அத?" என்றார், மெதுவாக.

"தெரியலப்பா."

ஜங்ஷனில் நான் ஏற வேண்டிய பாசஞ்சர் ஊதிக் கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தோம்.